ஒரு பிடி குறைவாக ஒரு முறம் தவிடு

அஞ்சலாட்சி தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் "எம் பொண்ணு" என்று சொல்லாமலே ஓட்டியவர். பெண் இல்லாதவர் சொல்லாமல் இருந்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவர் வீட்டில் செல்வாம்பாள் என்று ஒரு பெண், இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலும் ஊருக்கே கேட்கும் சிரிப்புமாக வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் என் சிநேகிதி. முதலியார்பேட்டையில், மில் சங்கு ஊதினால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை தூக்கிப்போட்டு எழுந்துகொள்ளும் தெரு எங்கள் தெரு.

யாராவது தெரியாத்தனமாக, "பொண்ணு நல்லா வளந்துட்டாளே அஞ்சல" என்று சொல்லிவிட்டால் போச்சு. அஞ்சலாட்சி முகம் வெளுத்து, "அய்யோ, அது அமிர்தவல்லி அக்கா பொண்ணு" என்று எதிர் வீட்டுக்குக் கையை நீட்டிவிடுவார். எதிர் வீட்டு வாசலில் அடுப்பைப் போட்டு ஆப்பம் சுட்டு விற்கிற அமிர்தவல்லியும் விட்டுக்கொடுக்க மாட்டார். "ஆமா, என் பொண்ணுதான். தவிட்டுக்கு வாங்கினேன்" என்று கரண்டியை ஆட்டுவார்.

எங்களுக்கெல்லாம் சின்ன வயதில் இதுதான் வேடிக்கை. நாங்கள் அடம் பிடித்தால் எங்கள் அம்மாக்கள், "உன்னத் தவிட்டுக்குத்தான் வாங்கினேன்" என்று வைவார்கள். நாங்கள் அதை நம்பி ஓ என்று அழுவோம். செல்வாம்பாள் மட்டும் அழ மாட்டாள். அவளை நிஜமாகவே தவிட்டுக்குத்தான் வாங்கியிருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நடந்தது இதுதான். அஞ்சலாட்சியின் கணவர் கலியபெருமாள் மில்லில் தறி ஓட்டியவர். வாய் திறந்து பேசினால் காசு செலவாகும் என்று நினைக்கிற மனிதர். இவர்களுக்கு முதலில் பிறந்த மூன்று பிள்ளைகளும் நிலைக்கவில்லை. பால் குடிக்கிற வயதிலேயே ஒன்றன் பின் ஒன்றாகப் போய்விட்டன. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஓரிரு வருடம் கழித்து நாலாவதாகச் செல்வாம்பாள் பிறந்தாள். பிள்ளை நிலைக்காத வீட்டில் எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் செய்வார்கள். பிறந்த பிள்ளையை அடுத்த வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். எமன் வந்து வாசலில் நின்று "இது யார் பிள்ளை" என்று கேட்டால், "எங்களது இல்லை, எதிர் வீட்டுக்காரியுடையது, தவிட்டு விலைக்குப் போனது" என்று சொல்லிவிடலாம். அவனும், தவிட்டு விலைக்குப் போனதைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது என்று திரும்பிவிடுவான். எமன் அவ்வளவு சுலபமாக ஏமாறுவானா என்று என்னைக் கேட்காதீர்கள். செல்வாம்பாள் பிழைத்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அமிர்தவல்லி நான்கு பையன்களைப் பெற்றவர். ஆகையால் பிள்ளை இல்லாத ஏக்கத்தில் வாங்கினார் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். கூப்பிட்டார்கள், வந்தார், தவிட்டைக் கொட்டினார், முறத்தில் கிடந்த பிள்ளையைத் தூக்கி மூன்று சுற்று சுற்றி, "இது என் பொண்ணு. பால் மட்டும் நீ குடு" என்று அஞ்சலாட்சி மடியிலேயே திரும்ப வைத்துவிட்டு ஆப்பம் சுடப் போய்விட்டார். அன்றிலிருந்து செல்வாம்பாள் வளர்ந்தது பெற்ற வீட்டில், பெயர் மட்டும் எதிர் வீட்டில். பேசக் கற்றுக்கொண்டபோது அமிர்தவல்லியை "அம்மா" என்றும், பெற்றவளை "அக்கா" என்றும் கூப்பிடப் பழக்கினார்கள்.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. கண்டம் எல்லாம் தாண்டி, பிள்ளைக்குக் காது குத்துகிற வயது வந்ததும், பெற்றவள் அதேபோல ஒரு முறம் தவிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். சேட்டுக் கடையில் வைத்த நகையை மீட்கிற மாதிரி, பவுண்டில் அடைத்த மாட்டை மீட்கிற மாதிரி. இவர்கள் மீட்கவில்லை. ஒரு வருடம் மில்லில் ஸ்டிரைக், ஒரு வருடம் வீட்டில் சாவு. "அடுத்த ஆடில பாத்துக்கலாம்" என்பார் கலியபெருமாள். அஞ்சலாட்சியும் வாயைத் திறக்க மாட்டார். செல்வாம்பாள் காது குத்தி, தோடு போட்டு, வயதுக்கும் வந்துவிட்டாள். தெருவே மறந்துபோயிற்று.

ஒரு தடவை செல்வாம்பாளுக்கு டைபாய்டு வந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வார்டு வாசலில் இருந்த நர்ஸம்மா, அம்மா மட்டும் உள்ளே வரலாம் என்றார். "நீங்க பேஷண்டுக்கு என்னா வேணும்?" என்று அஞ்சலாட்சியைக் கேட்டார். இவர் கையில் கஞ்சித் தூக்கோடு நின்றுகொண்டு, "தெரிஞ்சவங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரிஞ்சவங்களாம்! அமிர்தவல்லி உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டார். விழுப்புரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டத்தோடு கூட்டமாக, பெற்றவள் வெளியே மரத்தடியில் முந்தானையை விரித்து உட்கார்ந்திருந்தார். பெண் குணமாகி வீட்டுக்குப் போகும்வரை அதே மரத்தடிதான். "ஏன்க்கா இப்படி?" என்று கேட்டேன். "அவ நல்லாயிருந்தா போதும் வசந்தா" என்றார்.

எழுபத்தேழில் செல்வாம்பாளுக்குக் கருவடிக்குப்பத்திலிருந்து இடம் வந்தது. மாப்பிள்ளை ஜானகிராமன் இன்னொரு மில்லில் ஃபிட்டர். நல்ல பையன், சிரித்தால் ஒரு பக்கம் குழி விழும். செல்வாம்பாள் அந்தக் குழியிலேயே விழுந்துவிட்டாள். "வசந்தா, இது மட்டும் தட்டிப் போச்சுன்னா நான் யாரையும் கட்டிக்க மாட்டேன்" என்று என்னிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா ராமலிங்கத்தை எல்லோரும் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இந்தோ சீனா வரைக்கும் போய்ச் சண்டை போட்டு வந்து, பென்ஷன் வாங்குகிறவர். சாயம் போன தொப்பியைக் கழற்றவே மாட்டார். எதுவும் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. இலையில் உப்பு இடம் மாறினால்கூட எழுந்து நின்றுவிடுவாராம்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தட்டு மாற்ற வந்தார்கள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடித்துவிட வேண்டும். நான் அதே தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்ததால், விடிந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருந்தேன். பாய் விரித்து, பழம் பாக்கு வெற்றிலை வைத்து, எல்லாம் தயார். "பொண்ணப் பெத்தவங்க ரெண்டு பேரும் வாங்க" என்றார் ராமலிங்கம். கலியபெருமாள் வந்து உட்கார்ந்தார். அஞ்சலாட்சி கதவுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு அமிர்தவல்லியை முதுகில் கை வைத்துத் தள்ளினார். அமிர்தவல்லியும் பழக்க தோஷத்தில் வந்து கலியபெருமாள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ராமலிங்கம் அவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி குடுத்தவங்க அம்மான்னு நெனச்சேன். இவங்க ஆப்பக்கடைக்காரங்கதான?"

தெருப் பெண்கள் எல்லோரும் சிரித்து, ஆளுக்கு ஒரு பக்கமாகக் கதையைச் சொன்னோம். எமன், முறம், தவிடு எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"மீட்டாச்சா?"

கலியபெருமாள்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லைங்க. அடுத்த ஆடில…" என்றார்.

"அப்ப தட்டு மாத்த முடியாதுங்க."

உள்ளே செல்வாம்பாள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்றால் தலையில் கொம்பா முளைத்திருக்கிறது? வாசல்படிக்கு வந்து, "இதெல்லாம் ஒரு சாக்கா மாமா? வந்த எடத்துல பொண்ணு புடிக்கலன்னா நேரா சொல்லிட்டுப் போங்க" என்று கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ராமலிங்கம் கோபித்துக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் அதைக் கழற்றி அன்றுதான் பார்த்தேன் என்று பிற்பாடு ஜானகிராமனே சொன்னான்.

"உக்காரும்மா. நான் அங்க சண்டையில பிரிசோனியேவா, கைதியா மாட்டிக்கிட்டவன். காட்டுக்குள்ள மூங்கில் கொட்டாயில வச்சிருந்தாங்க. கூட இருந்தவங்கள்ல அந்த நாட்டுக்காரன் ஒருத்தன தேடிக்கிட்டு அவன் சொந்தக்காரங்க வந்தாங்க. அரிசி மூட்டையக் குடுத்து, அவங்க ஆள கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. அவன் நெஞ்ச நிமித்திக்கிட்டு போனான். எங்கள ரொம்ப நாள் கழிச்சு ஒரு காலையில தெறந்து வுட்டுட்டாங்க. போன்னாங்க, வந்துட்டேன். கப்பலேறி ஊருக்கே வந்துட்டேன். ஆனா என்ன யாரும் வந்து கேக்கல."

தொப்பியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"மீக்கறதுன்னா கதவத் தெறந்து வுடறது இல்லம்மா. இது எங்க ஆளு, இந்தா வச்சுக்க, எங்க ஆளக் குடுன்னு ஒருத்தர் வந்து நின்னு கேக்கணும். எம் மருமவ, கேக்க ஆளில்லாம என் வூட்டுக்கு வர வேணாம். ஒரு மொறம் தவிடுதான? குடுத்து மீட்டுருங்க. நான் ஒக்காந்திருக்கேன்."

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காப்பி சாப்புடறீங்களா மாமா?" என்று கேட்டேன்.

சரி, ஒரு முறம் தவிடு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ரேஷன் அரிசி வாங்கித் தின்கிற தெருவில் தவிட்டுக்கு எங்கே போவது? வீடு வீடாக ஓடினோம். ஒருத்தி கோதுமை சலித்த உமியைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி கேழ்வரகு மாவைக் கொண்டுவந்து, "பாக்க தவிடு மாதிரிதான இருக்குது?" என்றாள். அமிர்தவல்லி வீட்டுப் பசுவின் தொட்டியைக்கூட எட்டிப் பார்த்தோம். அது நக்கித் துடைத்து வைத்திருந்தது. கடைசியில் ஜானகிராமன் எழுந்தான். "வில்லியனூர் ரோட்டுல நெல்லு மிஷின் இருக்குது. நான் போயிட்டு வரேன்" என்று சட்டைக் கையை மடித்தான். மாப்பிள்ளையே போவதா என்று நாலு பேர் தடுத்தார்கள். "எம் பொண்டாட்டிக்கு நான் போகாம?" என்றான். இன்னும் தட்டே மாற்றவில்லை, அதற்குள் பொண்டாட்டி! உள்ளே ஒருத்தி சிவந்துபோய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

அவன் போன பிறகுதான் அஞ்சலாட்சியைக் காணோம் என்று பார்த்தேன். சமையற்கட்டு மூலையில் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அமிர்தவல்லி முன்னால் குந்திக்கொண்டு, "எழுந்திரு அஞ்சல, மூஞ்சியக் கழுவு. தவிடு வந்துரும்" என்று உலுக்கினார்.

"நான் கேக்க மாட்டேன்க்கா."

"ஏன்டி?"

"எனக்குன்னு ஆனது எது நின்னுது? மூணும் எம்புள்ள எம்புள்ளன்னு கொஞ்சினதுதான். இத நான் வாயால சொல்லல. பொழச்சுக் கெடக்குது. இன்னிக்கு எம் பொண்ணுன்னு வாசல்ல நின்னு கேட்டேன்னா, அந்த எமனுக்குக் கேட்டுடும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டிரைக்கும் இல்லை, சாவும் இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் கலியபெருமாளைத் தடுத்தது இவர்தான். கோரிமேட்டு மரத்தடியில் உட்கார்ந்ததும் அதற்குத்தான். நான் என்னவோ, இந்த அம்மாளுக்குப் பெண் மேல் பாசம் கம்மி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அமிர்தவல்லிக்கும் தெரியாது போலிருக்கிறது. வாயடைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வாயடைத்து நான் பார்த்தது அது ஒன்றுதான், அதுவும் ஒரு நிமிடத்துக்கு. பிறகு அஞ்சலாட்சியின் மோவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"இத பாரு. மொறம் நெறைய கொண்டாராத. ஒரு பிடி கொறச்சலா கொண்டா. அந்த ஒரு பிடி எனக்கு வரவேண்டிய பாக்கியா இருக்கட்டும். நீ எம் பொண்ணுன்னு எவ்ளோ கத்தினாலும் கத்து. நாளைக்கு எமன் வந்து கேட்டான்னா, இன்னும் கணக்கு தீரலடா, அவ என் பொண்ணுதான், போடா உன் எருமையப் பாத்துக்கிட்டுன்னு நான் சொல்லிக்கிறேன். என் வாய்க்கு அவன் நிப்பானா?"

நிற்க மாட்டான். அதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அஞ்சலாட்சி அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்த சொல்தாவுக்குத் தெரிஞ்சா?" என்றார்.

"அவரு கெடக்காரு. வசந்தா, நீயும் வாயத் தெறக்காத."

ஜானகிராமன் ஒரு முறத்துக்குப் பதிலாக ஒரு மூட்டையே கொண்டுவந்துவிட்டான். மிஷின்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, காசே வாங்காமல் மூட்டையைத் தூக்கி சைக்கிளில் வைத்தாராம். பையன் தலை, புருவம், வெள்ளைச் சட்டை எல்லாம் தவிடு. அவனையே முறத்தில் வைத்துக் கொடுத்திருக்கலாம். பசுவுக்கு அன்று முதல் ஒரு வாரம் கல்யாணச் சாப்பாடு.

செல்வாம்பாளை எதிர் வீட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தோம். முறத்தில் தவிட்டைக் கொட்டினேன். அஞ்சலாட்சி குனிந்து ஒரு பிடியை அள்ளித் திரும்ப மூட்டையில் போட்டார். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் ராமலிங்கம் நிற்கிறார். அவர் எங்களைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், பிறகு திரும்பிக்கொண்டு தெருவிளக்குக் கம்பத்தை வெகு கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். பகலில் விளக்குக் கம்பத்தில் என்ன இருக்கிறது? நல்ல மனிதர்.

அஞ்சலாட்சி முறத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். நாலு எட்டில் கடக்கிற தெரு, ஊர்வலம் மாதிரி எல்லோரும் பின்னால் போனோம். அமிர்தவல்லி தன் வாசலில் இடுப்பில் கை வைத்து மறித்துக்கொண்டு நின்றார்.

"என்னா வேணும்?"

அஞ்சலாட்சிக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"காதுல விழல."

"எம்… எம் பொண்ணு வேணும்."

"அங்க மில்லு ஓடற சத்தத்துல ஒண்ணும் கேக்கல. யாரு வேணும்?"

அஞ்சலாட்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார். "எம் பொண்ணு! எம் பொண்ணு செல்வாம்பா! நான் பெத்த பொண்ணு! இந்தா தவிடு, எம் பொண்ண எங்கிட்ட குடு!"

இத்தனை வருடமாக உள்ளே போட்டு அழுத்தி வைத்திருந்த குரல். தெருமுனைச் சைக்கிள் கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அமிர்தவல்லி முறத்தை வாங்கிக் கீழே வைத்தார். உள்ளே போய்ச் செல்வாம்பாளின் கையைப் பிடித்து அழைத்து வந்து, "கூட்டிட்டுப் போ" என்று பெற்றவள் கையில் வைத்தார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் அடுப்புப் புகை என்பார். அன்று அவர் அடுப்பே மூட்டவில்லை.

செல்வாம்பாள் அழுதுகொண்டே, "அம்மா" என்றாள்.

அஞ்சலாட்சி திரும்பி அமிர்தவல்லியைப் பார்த்தார். யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல்.

"உன்னத்தான்டி கூப்புடறா, மண்டு" என்றார் அமிர்தவல்லி.

அதற்குப் பிறகு அங்கே அழாதவர்கள் யாரும் இல்லை. கலியபெருமாள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு போய்ச் சுவர் ஓரம் நின்றார். ராமலிங்கம்தான் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "ராகு காலம் வரப்போவுது, வாங்க வாங்க" என்று அதட்டினார். தட்டு மாற்றும்போது அஞ்சலாட்சி முன்னால் உட்கார்ந்தார். அமிர்தவல்லிக்கும் பக்கத்தில் இடம் போட்டார்கள். சொல்தா அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் செல்வாம்பாளுக்குப் பிரசவம். பெண் குழந்தை. சேதி வந்ததும் இரண்டு பேரும் ஒரே ரிக்ஷாவில் இடித்துக்கொண்டு ஏறினார்கள். அமிர்தவல்லி மடியில் ஆப்பப் பாத்திரம். நான் பின்னாலேயே நடந்து போய்ச் சேர்ந்தேன். பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் நின்ற ஆயம்மா கையைக் குறுக்கே நீட்டி, "அம்மா ஒருத்தர் மட்டுந்தான் உள்ள. ரெண்டு பேருல யாரு?" என்றார்.

அமிர்தவல்லி பழக்கப்படி ஒரு காலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அஞ்சலாட்சி அவர் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "நான்தான் அம்மா. அவ எம் பொண்ணு. உள்ள கெடக்கறது எம் பேத்தி" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு அமிர்தவல்லி பக்கம் திரும்பி, "நீ போயி மரத்தடில ஒக்காருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அமிர்தவல்லி சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. நேராக வந்து வேப்ப மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பாத்திரத்தைத் திறந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாளுக்கும் ஒரு ஆப்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

"சாப்புடு. எனக்குப் பேத்தி பொறந்திருக்குது."

"அப்படியா? உள்ள போய்ப் பாக்கலியா?"

"அவளப் பெத்தவ உள்ள போயிருக்கா. நான் அவளத் தவிட்டுக்கு வாங்கினவ" என்றார் அமிர்தவல்லி. "இன்னும் ஒரு பிடி பாக்கி வரணும்."